சிவப்பு அளவு

திங்கட்கிழமை மாலை எண்ணியபோது இருபத்து மூன்று தாள்கள் இருந்தன. செவ்வாய் மாலை எண்ணியபோது இருபத்து நான்கு.

ஜுய்-லான் மறுபடி எண்ணினாள். இருபத்து நான்குதான். ஒன்பது வருடமாக அந்த ஆவண அறையில் வேலை பார்க்கிறாள். தாள் குறைந்து பார்த்திருக்கிறாள். கரையான் தின்று குறையும், ஈரத்தில் ஒட்டிக் குறையும். ஒரு தடவை ஆராய்ச்சி மாணவன் ஒருவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதால் குறைந்தது. கூடியது இதுவரை இல்லை.

உறையின் மேல் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ஷுய்வெய் பேருந்து நிலையம், 1967, கட்டடக்கலைஞர் ஷியாவ் தெங்-ஷான். முகப்புத் தாளில் மொத்தம் இருபத்தேழு என்று அச்சிட்டிருந்தது. நன்கொடையாக வந்தபோதே நான்கு குறைவு. கதவு, ஜன்னல் அளவு போட்ட தாள்கள்தான் இல்லை. இப்போது அந்த நான்கில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, எங்கேயும் போகாததுபோல.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணைக் கூட்டம். பேருந்து நிலையத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பதா, இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி எழுப்புவதா என்று பதினோரு பேர் கொண்ட குழு முடிவு செய்யும். இடிக்க விரும்புகிறவர்களின் வாதம் இரண்டு. வரைபடத் தொகுப்பு முழுமையாக இல்லை. ஷியாவ்தான் வரைந்தார் என்பதற்கு உறுதி இல்லை. அதற்காகத்தான் ஜுய்-லானிடம் ஒரு தாள் நீட்டப்பட்டிருந்தது. 'மேற்கண்ட தாள்கள் அனைத்தும் கட்டடக்கலைஞர் ஷியாவ் தெங்-ஷான் அவர்களின் கையால் வரையப்பட்டவை' என்று ஒரே வரி. கீழே அவள் பெயர் முத்திரைக்கு ஒரு கட்டம்.

"முத்திரையை வைக்க என்ன யோசனை? கை சுளுக்கிருச்சா?" என்று பிரிவுத் தலைவர் கே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"எண்ணிப் பாத்துட்டு வைக்கிறேன், தலைவரே."

"எண்ணுறதுக்கு என்ன இருக்கு? அரிசியா அது?"

அவள் வைக்கவில்லை. தன் முத்திரை ஒரு பொய்யின் கீழே போய் உட்காரக்கூடாது என்பதில் அவளுக்குப் பிடிவாதம் உண்டு. நல்ல குணம் என்றெல்லாம் சொல்ல முடியாது. யாரையும் நம்பாதவளுக்கு மிஞ்சுகிற ஒரே சொத்து அது.

ஷியாவின் காகிதங்கள் அறுபத்து நான்கு பெட்டிகள். முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஒசாகாவில் படித்து, போர் முடிந்த மறுவருடம் ஊர் திரும்பி, நீரேற்று நிலையத்துக்கு எதிரே அலுவலகம் போட்டவர். நாற்பது வருடத்தில் முந்நூற்றுப் பதினொரு கட்டடங்கள். பள்ளிக்கூடங்கள், பிரசவ மனைகள், விவசாயிகள் சங்கக் கிடங்குகள், ஒரு சினிமாக் கொட்டகை, ஆறு தேவாலயங்கள். மாவட்டத்தைத் தாண்டி ஒரு செங்கல் வைத்ததில்லை. தலைநகர் தைபேயிலிருந்து அழைப்பு வந்தபோது, 'இங்கே வெயில் எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும், அங்கே தெரியாது' என்று பதில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் நகல் பதினெட்டாம் பெட்டியில்.

சபை மூப்பர். மூடநம்பிக்கை என்றால் ஆகாது. முக்கியமாகக் கொத்தனார்களின் அளவு டேப். சென்டிமீட்டர் எண்களோடு சிவப்பிலும் கறுப்பிலும் எழுத்து அச்சிட்ட டேப் அது. சிவப்பில் விழுந்தால் செல்வம், பதவி. கறுப்பில் விழுந்தால் நோய், பிரிவு, வழக்கு. ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. ஷியாவ் ஒரு தடவை வேலைத்தளத்தில் அப்படிப்பட்ட டேப் ஒன்றைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருக்கிறார். 1961இல் ஒரு அரிசி வியாபாரிக்கு எழுதினார்: 'உங்கள் கதவுக்கு நேரம் காலம் தெரியாது. அகலம் நூறு. மனிதன் உள்ளே போவான், வெளியே வருவான்.' அவர் கதவுகள் எழுபது, எண்பது, நூறு, நூற்றிருபது. உயரம் இருநூறு. ஐம்பது பெட்டி தாண்டியும் ஜுய்-லான் வேறு எண்ணைப் பார்த்ததில்லை. அத்தனையும் கறுப்பு. அவர் வேண்டுமென்றே செய்தாரா, முழு எண் மேல் ஆசையா, அது அவருக்கும் அவருடைய ஆண்டவருக்கும்தான் தெரியும்.

புதிதாக வந்த தாளில் முதல் கதவு 88. அடுத்தது 126. உயரம் 212.

புதன்கிழமை மதியம் அவள் அலுவலகத்தில் கிடந்த சிவப்பு-கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். இறக்கை விரித்ததுபோல் இரண்டு பக்கமும் நீண்ட கான்கிரீட் கூரை. கீழே தூண் இல்லாத கூடம். ஷியாவின் மிகச் சிறந்த கட்டடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவள் கூரையைப் பார்க்கவில்லை. பயணச்சீட்டு ஜன்னலை அளந்தாள். 62. சிவப்பு. நுழைவாயில் 126. சிவப்பு. கழிவறைக்குப் போய்க் கதவை அளந்தாள். 68. அதுவும் சிவப்பு.

வாசலில் வான்கோழிச் சோறு விற்கிறவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, கக்கூஸ் கதவைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போகப் போறியா?"

"அளவு பாக்கறேன்."

"என்ன வருது?"

"பதவி."

"அதான் நம்ம டிரைவரு தினமும் அரை மணி நேரம் உள்ளயே உக்காந்திருக்கான்!" என்று அவள் சிரித்தாள். நிழலில் புகைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் அவளைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.

ஜுய்-லான் சிரிக்கவில்லை. தாளில் உள்ளதும் கட்டடத்தில் உள்ளதும் பொருந்துகின்றன. அப்படியானால் தாள் உண்மையானது. உண்மையானது என்றால் ஷியாவ் வரைந்ததில்லை. முத்திரை மட்டும் அவருடையது.

இல்லாவிட்டால் யாரோ இப்போது வந்து கட்டடத்தை அளந்து, பழைய காகிதத்தில் வரைந்து செருகுகிறார்கள். அதுவும் நடக்கும்.

மாலை எண்ணியபோது இருபத்தாறு.

அந்த வாரம் அறைக்குள் வந்துபோனவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஷியாவின் மகன் சுங்-யென், ஓய்வுபெற்ற பல் டாக்டர், வயது அறுபத்தாறு. காகிதங்களை நன்கொடை கொடுத்தவர் அவர்தான். கொடுத்த பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, கொடுத்தது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். சபையில் இப்போது அவர் மூப்பர். அப்பாவின் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்குத்தான் அதிகம். தொகுப்பு முழுமையானால் லாபம் அவருக்கு. ஜுய்-லான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான்.

இன்னொருவர் யான் பி-ஷுவாங் என்ற கிழவி. எழுபத்தாறு வயது. மாமா வீட்டுப் பழைய படம் தேடுவதாகச் சொல்லி ஒரு மாதமாக வருகிறாள். எந்த மாமா, எந்த வீடு என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு தெரு சொல்வாள். பையை வெளியே வைத்துவிட்டு வருவாள், விதி அது. குடையை வைக்கமாட்டாள். ஊன்றி நடக்கிற குடை, கைத்தடிக்குச் சமானம் என்று சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

மழை பெய்து ஐந்து வாரம் ஆகிறது.

வியாழக்கிழமை ஜுய்-லான் தன் மேசையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். பேருந்து நிலைய உறையைக் கிழவி கேட்டு வாங்கினாள். பத்து நிமிடம் புரட்டினாள். அப்புறம் குடையை மடியில் வைத்து, அதன் நடுவிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை மெதுவாக உருவினாள். மூங்கில் குருத்தை உரிப்பதுபோல.

ஜுய்-லான் எழுந்து போய் எதிரே உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, திருடுறவங்கள இங்க பிடிச்சிருக்கேன். போடுறவங்கள இப்பத்தான் பிடிக்கிறேன்."

கிழவி பதறவில்லை. தாளை உறையில் சேர்த்து, ஓரம் தட்டி, நேராக்கினாள். "இருபத்தேழு. எண்ணிக்கோ. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

"எங்கேருந்து வந்துது?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்து."

"அங்க எப்படிப் போச்சு?"

"நான் வச்சேன். வேற யாரு, எலியா கொண்டு வைக்கும்?"

அவள் சொன்னது இது. பதினெட்டு வயதில் ஷியாவின் அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து வருடம் படம் வரைந்தாள். எழுத்து, அம்புக்குறி, எல்லாம் அவரைப் போலவே போடப் பழக்கினார்கள். அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் ஒரே கையெழுத்துதான். பிறகு வெளியே வந்து அண்ணனோடு சேர்ந்து படம் வரையும் கடை வைத்தாள். பேருந்துக் கம்பெனி மேலாளர் வேலையை அவர்களிடம் கொடுத்தார். கூரையிலிருந்து குழாய் வரை அவள் வரைந்தாள். உரிமம் கிடையாது. உரிமம் உள்ளவர் முத்திரை இல்லாமல் ஒரு மாட்டுக்கொட்டகை கூடக் கட்ட முடியாது. ஷியாவிடம் போனாள். அவர் இருபத்தேழு தாளிலும் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

"படிச்சுப் பாத்தாரா?"

"கூரைக் கணக்கை மூணு நாள் பாத்தாரு. கதவை யாரு பாப்பா?"

"அப்ப இந்த நாலு தாள்?"

"அந்த வருஷம் தலைநகர்லேருந்து ஆளு வந்து சோதனை போட்டான். முத்திரை இரவல் குடுத்தா உரிமம் போயிடும். சென்செய் கூப்பிட்டு, இந்த நாலு தாள்ல அளவெல்லாம் உன் கை மாதிரி இருக்கு, எரிச்சிடுன்னாரு. எரிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

'சென்செய்', அதாவது ஜப்பானியத்தில் வாத்தியார், என்று அவள் சொன்னபோது மரியாதையும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. இரண்டாவது என்னவென்று ஜுய்-லானுக்குப் பிடிபடவில்லை.

"கதவெல்லாம் சிவப்புல போட்டிருக்கீங்க. உங்களுக்கு அதுல நம்பிக்கையா?"

"நம்பிக்கையாவது, வாழைப்பழமாவது. கறுப்புல வரைஞ்சா கொத்தனார் கேப்பானா? உன் முன்னாடி தலையாட்டிட்டு, நீ போனதும் ஒரு சென்டி ரெண்டு சென்டி நகத்தி சிவப்புல வச்சிடுவான். அப்புறம் கூரையோட கோடு சேராது. நான் முதல்லயே சிவப்புல போட்டேன். ஒரு பய கை வைக்கல. சென்செய் வாழ்நாள் முழுக்கக் கறுப்புல வரைஞ்சாரு. அத்தனையும் சிவப்புலதான் நிக்குது. அவரு ஒரு நாளும் திரும்பிப் போய் அளந்து பாக்கல."

ஜுய்-லான் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நேற்று அளந்ததில் பாதி இப்போது செல்லாது. கட்டடத்தில் சிவப்பு இருந்தால் அது யார் வரைந்ததென்று சொல்லாது. தாளில் சிவப்பு இருந்தால்தான் சொல்லும். அந்தத் தாள்களைக் கொண்டுவந்தவளோ எதிரே உட்கார்ந்திருக்கிறாள். காகிதம் பழசு, மை பழசு, முத்திரையின் இடது ஓரத்தில் உள்ள உடைசல் மற்ற இருபத்து மூன்றில் இருப்பதுபோலவே இருக்கிறது. நம்பலாம். ஆனாலும் நம்புவது அவளுக்கு வராத வேலை.

"கூட்டத்துக்கு வந்து சொல்லுவீங்களா?"

"பைத்தியமா உனக்கு? ஷியாவ் பேருக்குத்தான் அந்தக் கட்டடத்தைக் காப்பாத்துறாங்க. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச பொம்பள வரைஞ்சதுன்னு தெரிஞ்சா மறுநாளே இயந்திரம் வந்து நிக்கும். தாள் குறையுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான், கொண்டுவந்து சேத்தேன். அவ்வளவுதான். நீ வாய மூடிக்கிட்டு முத்திரைய வை."

"அவர் கையால வரைஞ்சதுன்னு எழுதியிருக்கு."

"அவரு மட்டும் என்ன எழுதினாரு? அதே பொய்க்குத்தான் முத்திரை வச்சாரு. கட்டடம் நின்னுச்சா இல்லையா?"

செவ்வாய்க்கிழமை கூட்டம் நகர மன்றத்தின் இரண்டாம் மாடியில். பதினோரு பேர் மேசையைச் சுற்றி, தலைமையில் ஒரு பேராசிரியை. சுவரோரம் போட்ட நாற்காலிகளில் டாக்டர் சுங்-யென் நீலக் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் கிழவி. இன்றும் மழையில்லை. குடையும் இல்லை.

கே முத்திரை மைப்பெட்டியைத் திறந்து ஜுய்-லான் முன்னால் வைத்தார். "இப்பவாவது வை, தாயே."

இருபத்தேழு தாள்களும் மேசையில் விரிக்கப்பட்டன. முழுத் தொகுப்பு என்றதும் மேசையைச் சுற்றி ஒரு நிம்மதி. இடிக்கச் சொல்லும் தரப்பின் வக்கீல் முகம் சுருங்கியது. பேராசிரியை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "சான்றுல முத்திரை இல்லையே. தொகுப்பைப் பாக்கிறவங்க நீங்கதானே? ஷியாவ் கையால வரைஞ்சதுதானா இது?"

"முத்திரை அவருடையது" என்றாள் ஜுய்-லான்.

"நான் முத்திரையைக் கேக்கல."

கிழவி தலையை இடமும் வலமும் லேசாக ஆட்டினாள். கே மேசைக்கு அடியில் ஜுய்-லானின் காலை மிதித்தார். ஜுய்-லான் கட்டடத்தை நினைத்துப் பார்த்தாள். கூரை, தூணில்லாத கூடம், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு வரிக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம் வைத்தால் அது நிற்கும். வைத்தால் ஐம்பது வருடம் கழித்து எவளோ ஒருத்தி பெட்டியைத் திறந்து, ஜுய்-லானும் இரவல் கொடுத்தவள்தான் என்று கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். அவளால் விட முடியவில்லை.

"முத்திரை அவருடையது. கை அவருடையதில்லை."

அறை இரைந்தது. வக்கீல் பாதி எழுந்தார். அவருக்கு முன்னால் எழுந்தது பல் டாக்டர். ஜுய்-லான் தோளைக் குறுக்கிக்கொண்டாள். தன்னைத்தான் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

டாக்டர் மேசைக்கு வந்து, நான்கு தாள்களையும் குனிந்து பார்த்தார். விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே போனார். காது சிவந்தது.

"எண்பத்தெட்டு. நூத்தி இருபத்தாறு. அறுபத்தெட்டு." ஒவ்வொன்றையும் அருவருப்பாகச் சொன்னார். "இது எங்க அப்பா இல்ல."

"டாக்டர், யோசிச்சுப் பேசுங்க. இது உங்க அப்பாவோட மிகச் சிறந்த..." என்று கே இழுத்தார்.

"அப்பா சாகிற வரைக்கும் இந்தப் பேய் அளவோட சண்டை போட்டாரு. கக்கூஸ் கதவுக்குக்கூட அதிர்ஷ்டம் பாத்தவர்னு அவர் பேரைப் பித்தளைத் தகட்டுல அடிச்சு ஒட்டுவீங்களா? நிலையம் வேணாம். எனக்கு வேணாம்."

"அப்ப யாரு வரைஞ்சது?" என்றார் பேராசிரியை.

வக்கீலுக்குத் தெம்பு வந்தது. "யாரோ மேஸ்திரி கிறுக்கினதுக்கு ஒரு முத்திரை. கூரைக் கணக்கே சரியா இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்பு?"

"எது இடிஞ்சு விழும்?" கடைசி வரிசையிலிருந்து வந்த குரல் பெரிதாக இல்லை, ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். கிழவி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். "ஐம்பத்திரண்டு வருஷமா நிக்குது. பெரிய பூகம்பத்துல உங்க நகர மன்றத்துக்கு விரிசல் விட்டுது, அதுக்கு விடல. ஒன்பதாம் தாளை எடு. நடுக் கம்பி எத்தனைன்னு நான் சொல்றேன், நீ பாத்துக்கோ."

அவள் சொன்னாள். ஒன்பதாம் தாள், பதினொன்று, பதினான்கு. தாளைப் பார்க்காமலே அறையின் மறுகோடியிலிருந்து கம்பி எண்ணிக்கை, கனம், இடைவெளி. பேராசிரியை ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். பதினைந்து நிமிடம் இப்படியே போனது. நான்காவதாக இன்னொரு தாளுக்கு வந்தபோது கிழவி ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னாள். திருத்திக்கொண்டாள். சரியாகச் சொன்ன எல்லாவற்றையும்விட அந்தத் தப்புதான் ஜுய்-லானை நம்ப வைத்தது. அதுவும் முழுசாக இல்லை.

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. ஆறு மாதம் நிலையத்தை யாரும் தொடக்கூடாது, அதற்குள் யார் வரைந்தது என்று ஆவணப் பிரிவு அறிக்கை தர வேண்டும். வக்கீல் பையை மூடிக்கொண்டு போனார். கே மைப்பெட்டியை மூடி, அதை ஜுய்-லான் கையில் திணித்தார். "ஒரு வட்டம் வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இனி ஆறு மாசம் நீயே எண்ணு."

வெளியே நடையில் கிழவி அவளைப் பார்த்து நின்றாள். "உன்னை நம்பிக் குடுத்தேன்."

"நீங்க நம்பிக் குடுக்கல, சின்னம்மா. குடையில ஒளிச்சுக் குடுத்தீங்க."

"வாய் இருக்கு உனக்கு" என்றாள் கிழவி. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் போகவில்லை.

டாக்டர் சுங்-யென் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே வந்தார். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"அம்மா, இது ஒண்ணுதானா?"

"எது ஒண்ணுதானா?"

"அப்பா முத்திரை வச்சு நீங்க வரைஞ்சது."

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப எங்க குடியிருக்க?"

"அப்பா கட்டின வீட்டுலதான்."

"எழுபத்தொண்ணுல கட்டினது. அந்த வருஷம் அவருக்குக் கண்ணு ஆபரேஷன், மூணு மாசம் கட்டோட கிடந்தாரு. கதவெல்லாம் எவ்வளவு?"

"எண்பது. எல்லாம் எண்பது. அப்பா அளவு."

"அளந்து பாத்தியா?"

"எதுக்கு அளக்கணும்? பதினெட்டு வயசுலேருந்து அங்கதான் இருக்கேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கப் போனாள். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக. டாக்டர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

"படுக்கையறைக் கதவை அளந்து சொல்லு... ஏன்னு கேக்காத, அளந்து சொல்லு... தையல் டேப்பு போதும்."

ஜுய்-லான் நின்றுகொண்டிருந்தாள். போயிருக்கலாம், போகவில்லை.

"எண்பத்தொண்ணா? நல்லாப் பாரு, எண்பதா இருக்கும்... எண்பத்தொண்ணு. சரி. குளியலறை?"

எண்பது கறுப்பு. எண்பத்தொன்று சிவப்பு. ஒரு கொத்தனார் மூப்பர் திரும்பிப் பார்க்காத நேரத்தில் ஒரு சென்டி நகர்த்தியிருக்கலாம். இல்லாவிட்டால் கண்ணில் கட்டோடு கிடந்தவரின் சொந்த வீட்டைக் கிழவி வரைந்திருக்கலாம். இல்லாவிட்டால், இன்று தன் கட்டடத்தை வேண்டாம் என்று சொன்ன மகனிடம் வேண்டுமென்றே ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வீட்டின் வரைபடம் முப்பத்தெட்டாம் பெட்டியில் இருக்கிறது. கதவு அளவுத் தாள் அதிலும் இல்லை. ஈரத்தில் போயிருக்கும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவளே குறிப்பு எழுதி, கீழே முத்திரை வைத்திருந்தாள்.

"சமையலறையும் பாரு" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் பாரு."